9-பால்: பாட்டா, சேஃப்டியா? சேஃப்டி என்றால் எந்தச் சேஃப்டி? (ஒரு நிலையை வைத்து விவாதம்)

#1 மெல்லடி

ஒரு நிலை தருகிறேன். பாட் (பந்தைப் பாக்கெட்டில் போடுவது) அடிப்பீர்களா, சேஃப்டி (எதிராளிக்கு நல்ல அடி கிடைக்காதபடி விடுவது) அடிப்பீர்களா, ஏன் என்று சொல்லுங்கள். 9-பாலில் மேசையில் இருக்கும் மிகச் சிறிய எண் பந்தைத்தான் வெள்ளை முதலில் தொட வேண்டும்; இங்கே அது 5.

9 அடி மேசை. பிரேக் (தொடக்க அடி) அடிக்கும் பக்கம் நின்று, பந்துகளை அடுக்கும் ராக் பக்கம் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீளவாட்டில் பிரேக் பக்கக் குட்டை குஷன் 0, ராக் பக்கக் குட்டை குஷன் 8. குறுக்குவாட்டில் இடது நீள குஷன் 0, வலது 4. எல்லாம் டயமண்ட் (மேசை விளிம்பில் உள்ள குறிகளின் இடைவெளி) கணக்கு.

வெள்ளை: குறுக்கில் 1, நீளத்தில் 4. அதாவது இடது சைடு பாக்கெட்டுக்கு நேரே ஒரு டயமண்ட் உள்ளே.
5: குறுக்கில் 2, ராக் பக்கக் குட்டை குஷனுக்கும் பந்துக்கும் நடுவே 2 அங்குலம்.
8: குறுக்கில் 1⅓, அதே குட்டை குஷனிலிருந்து ஒரு டயமண்டுக்குச் சற்றுக் குறைவு.
7: குறுக்கில் 3, நீளத்தில் 1.
9: குறுக்கில் 1, நீளத்தில் 2.

6 முன்பே விழுந்துவிட்டது. ரேஸ் டு 9 (முதலில் 9 ராக், அதாவது 9 ஆட்டம், ஜெயிப்பவருக்கு வெற்றி), ஸ்கோர் 7-7. எதிராளி கிக் (வெள்ளையை முதலில் குஷனில் பட வைத்துப் பந்தைத் தொடும் அடி) நன்றாக அடிப்பவர், ஜம்ப் குச்சியும் (வெள்ளையைத் தடுப்புப் பந்தின் மேலே தாண்ட வைக்கும் குட்டைக் குச்சி) வைத்திருக்கிறார்.

எனக்குத் தெரிவது மூன்று வழி. ஒன்று, 5-ஐ வலது மூலைக்கு மெல்லிசாகக் கட் அடிப்பது (ஓரத்தில் பட்டு பந்து பக்கவாட்டில் போகும்படி). இரண்டு, 5-ஐ உரசிவிட்டு வெள்ளையை மேசை முழுக்க ஓட்டி 7-க்குப் பின்னால் நிறுத்துவது. மூன்று, 5-ஐ அரைப்பந்து (வெள்ளை அதன் பாதியில் மட்டும் படும்படி) அடித்து அனுப்பிவிட்டு வெள்ளையை 8-க்குப் பின்னாலேயே வைப்பது.

#2 ஸ்டன்ஷாட்

மூணாவதுதான். யோசிக்கவே வேண்டாம்.

அந்த கட் கிட்டத்தட்ட 70 டிகிரி வருது. குஷனை ஒட்டி ஓடணும், நாலு டயமண்ட் தூரத்திலிருந்து. போகலைன்னா 5 எங்கே நிக்கும்? பாக்கெட் வாயிலதான். வெள்ளை மேசையோட மறுகோடிக்கே போனாலும் பிரயோஜனம் இல்லை. வாயில நிக்கிற பந்துக்குத் தூரம் ஒரு தடையே இல்ல. அதனால இதை "அடிச்சுப் பாக்கலாம், போகலைன்னா சேஃப்" கணக்குல சேர்க்காதீங்க. மிஸ் ஆனா ராக்கைக் கையில குடுத்த மாதிரி.

#3 டயமண்ட்_எண்ணி

நானும் மூன்றாவதைத்தான் தேர்வேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டாவதும் மூன்றாவதும் பார்க்க ஒரே தரமான மறைப்புப் போலத் தோன்றும்.

சேஃப்டியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி: எந்தப் பந்தைத் துல்லியமாக நிறுத்த வேண்டும், அது எவ்வளவு தூரம் ஓடுகிறது? ஒரே அடியில் இரண்டு பந்தையும் அங்குலக் கணக்கில் நிறுத்துவது யாருக்கும் எளிதில்லை. ஒன்றைத் துல்லியமாகவும் மற்றதைத் தோராயமாகவும் வைத்தால் போதும் என்கிற சேஃப்டிதான் போட்டியில் நிற்கும்.

பந்து ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தில் 10 சதவீதம் பிசகினால் தூரத்தில் 20 சதவீதம் பிசகும். இரண்டாவது வழியில் வெள்ளை ஏழெட்டு டயமண்ட் ஓடுகிறது. அதில் 20 சதவீதம் என்றால் ஒன்றரை டயமண்ட். 7-க்குப் பின்னால் நிற்க வேண்டிய வெள்ளை முன்னாலேயே நின்றுவிடும், அல்லது குட்டை குஷனில் பட்டுத் திரும்பி வெளியே வந்துவிடும். மூன்றாவது வழியில் வெள்ளை 5-இல் பட்டபின் ஓட வேண்டியது ஒன்றேகால் டயமண்ட், ஏறக்குறைய 16 அங்குலம். அதே 20 சதவீதப் பிசகு இங்கே 3 அங்குலம்தான்.

அடுத்தது, மறைப்பின் அகலம். வெள்ளை தடுப்புப் பந்துக்கு எவ்வளவு அருகில் நிற்கிறதோ அவ்வளவு அகலமாக மறையும். இரண்டுக்கும் நடுவே ஒரு பந்து இடைவெளி இருந்தால், நேர்க்கோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் 30 டிகிரி அடைபடும். மூன்று பந்து இடைவெளி என்றால் 14 டிகிரி சொச்சம். ஏழு பந்து இடைவெளி என்றால் வெறும் 7 டிகிரி. 

இந்த நிலையில் வெள்ளை குறுக்கில் 1, குட்டை குஷனிலிருந்து முக்கால் டயமண்ட் என்ற இடத்தில் நின்றால், 8 அதிலிருந்து மையத்துக்கு மையம் 5 அங்குலத்தில் இருக்கும். அடைபடுவது பக்கத்துக்கு 27 டிகிரி. 5 மூன்று டயமண்ட் தள்ளி நிற்கிறது என்றால், அது முழுவதும் மறைய மூன்றரை டிகிரி கழித்துக்கொள்ளுங்கள். மீதம் 23 டிகிரி. மூன்று டயமண்ட் தூரத்தில் அது பக்கத்துக்கு ஓர் அடிக்கு மேல். ஆகவே 5 ஓர் அடி முன்பின் நின்றாலும் மறைப்பு கெடாது. வெள்ளையோ இரண்டரை அங்குலம் பக்கவாட்டில் விலகினாலே 5-இன் ஓரம் தெரியத் தொடங்கும். அதனால் கவனம் முழுவதையும் வெள்ளையின் மேல் வையுங்கள்.

#4 மெல்லடி

நன்றி அண்ணா. அடி எப்படி? இதை மேசையில் வைத்துப் பார்த்தால் வெள்ளை 8-லேயே போய் மோதுகிறது. மறைப்பும் போய்விடுகிறது.

#5 ஸ்டன்ஷாட்

வெள்ளை உருண்டுக்கிட்டே போய் 5-ல படுது, அதான் காரணம். 

அரைப்பந்து அடியில வெள்ளை உருண்டு வந்து பட்டா வந்த திசையிலிருந்து 34 டிகிரி மட்டும் விலகும். வழுக்கிக்கிட்டு வந்து பட்டா, அதாவது ஸ்டன்ல, 5 போற கோட்டுக்குச் செங்குத்தா, 60 டிகிரி விலகும். நீங்க சொன்ன நிலையில வரைஞ்சு பாருங்க. 34 டிகிரியில போனா குட்டை குஷன்ல பட்டு நேரா 8 மேலதான் ஏறும். 60 டிகிரியில போனா குஷன்ல பட்டு 8-க்கும் மூலைக்கும் நடுவுல இருக்கிற காலி இடத்துல வந்து உக்காரும்.

தூரமும் மாறும். ஸ்டன் அரைப்பந்துல 5 மூணு பங்கு ஓடினா வெள்ளை ஒரு பங்கு. உருண்டா வெள்ளையும் 5-உம் கிட்டத்தட்ட சமமா ஓடும், 5-ஓட தூரத்துல எண்பது சதவீதம்னு வெச்சுக்கோங்க. இந்த சேஃப்டிக்கு நமக்கு வேண்டியது மூணுக்கு ஒண்ணு.

எப்படி அடிக்கணும்:
- வெள்ளைக்கும் 5-க்கும் நடுவுல நாலு டயமண்டுக்குக் கொஞ்சம் கம்மி. மெதுவா அடிக்கிற அடி. நடுவுல அடிச்சீங்கன்னா பாதி வழியிலேயே உருள ஆரம்பிச்சிடும். மையத்துக்குக் கீழே ஒரு முழு டிப் (குச்சி நுனியோட அகலம்) இறக்குங்க, வெள்ளைக்கு டிரா (பின்சுழற்சி) கிடைக்கும். 5-ஐத் தொடுற நேரத்துக்கு அந்த டிரா தேய்ஞ்சு காலியாகியிருக்கணும்.
- 5-ஓட இடது பாதி. வெள்ளையோட மையம் 5-ஓட இடது ஓரத்தைக் குறி பார்க்கணும்.
- சைடு (பக்கச் சுழற்சி) வேண்டாம்.
- 5 குட்டை குஷன்ல பட்டு, வலது நீள குஷன்ல 6-ஆவது டயமண்ட் பக்கம் பட்டு, அரை டயமண்டோ ஒரு டயமண்டோ வெளியே வரணும். வேகத்துக்கு அளவு அதுதான்.

துணி பழசா, ஈரமா இருந்தா டிரா சீக்கிரம் தேயும். இன்னும் கால் டிப் இறக்கிக்கோங்க. புது சிமோனிஸ் மாதிரி வழுக்குற துணியில ஒரு டிப் அதிகமா தெரியும், வெள்ளை பின்னாடி இழுத்து குஷனைத் தொடாம 8-க்கு முன்னாலயே நிக்கும்.

#6 டயமண்ட்_எண்ணி

சைடு வேண்டாம் என்றது சரி. அதற்குக் காரணம் உண்டு. அரைப்பந்து, ஸ்டன், மெதுவான வேகம் மூன்றும் சேரும் இடத்தில்தான் பந்துகளுக்கு இடையே உரசல் இழுப்பு உச்சத்தில் இருக்கும். பந்துகள் அழுக்காக இருந்தால் 5 நாம் நினைத்த கோட்டிலிருந்து நான்கைந்து டிகிரி தடிமன் பக்கமாகப் போகும். இதைச் சமன் செய்ய வெளிப்பக்கச் சைடு, இங்கே இடது சைடு, கொடுக்கலாம் என்று சிலர் செய்வார்கள். ஆனால் அந்தச் சைடோடு வெள்ளை குட்டை குஷனில் பட்டால் இன்னும் இடப்பக்கம் விரிந்து ஓடிவிடும். 5-இன் ஓர் அடிப் பிசகைத் திருத்தப் போய் வெள்ளையின் இரண்டரை அங்குலத்தை இழப்பது நட்டம். இழுப்பை அப்படியே விட்டுவிட்டு, ஒரு மயிரிழை மெல்லிசாகப் பாருங்கள்.

இன்னோர் ஆபத்து: 5 குஷனிலிருந்து 2 அங்குலத்தில்தான் இருக்கிறது. முக்கால் பந்துக்கு மேல் தடிமனாக அடித்தால் 5 குஷனில் பட்டு நேரே திரும்பி வெள்ளையை மறுபடி மோதும். அந்த இரட்டை மோதலுக்குப் பிறகு எது எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அரைப்பந்துக்கும் மெல்லிசுப் பக்கம் தவறினால் வெள்ளை கூடுதலாக ஓடி இடது குஷன் பக்கம் போகும், 5 குறைவாக ஓடிக் குட்டை குஷன் அருகிலேயே நிற்கும். மறைப்பு பாதியாகும், ஆனாலும் பாட் எளிதில் கிடைக்காது. எந்தப் பக்கம் தவறினால் குறைந்த சேதம் என்று பார்த்து அந்தப் பக்கம் சாய்ந்து அடிப்பதுதான் முறை. இங்கே அது மெல்லிசுப் பக்கம்.

#7 குஷன்முதல்

இருவரும் சொன்ன அடி சரி. மறைப்பு விழுந்ததும் வேலை முடிந்தது என்பது போல நிறுத்திவிட்டீர்கள், அதை நான் ஏற்கவில்லை.

வெள்ளை நிற்கும் இடத்தைப் பாருங்கள். குட்டை குஷனிலிருந்து முக்கால் டயமண்ட். எதிராளி அந்தக் குட்டை குஷனிலேயே ஒரு குஷன் கிக் அடிப்பார். குறுக்கில் ஒன்றரை டயமண்டுக்கு நேரே குஷனைத் தொட்டு, 8-க்கு வலப்பக்கமாக வெளியேறி 5-க்குப் போகும் கோடு முழுவதும் திறந்திருக்கிறது. வெள்ளை குஷனுக்கு அருகில் இருப்பதால் கோணத்தைக் கணிப்பதும் எளிது. ஒரு குஷன் கிக்கில் கண்ணாடி பிம்பக் கணக்கு தெரிந்த எவரும் இதைத் தொடுவார்.

தொடுவதைத் தடுக்க முடியாது. தொட்ட பிறகு அவருக்கு நல்லது நடக்காமல் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு 5 நிற்கும் இடம் முக்கியம். 5 வலது நீள குஷனை ஒட்டி நின்றுவிட்டால் இலக்கு பெரிதாகிவிடும். நேரே படாவிட்டாலும் வெள்ளை குஷனில் பட்டுப் பின்னால் வந்து தொடும். குஷனிலிருந்து ஒரு டயமண்ட் வெளியே நின்றால், தொடக் கிடைக்கும் அகலம் இரண்டு பந்து, நாலரை அங்குலம் மட்டுமே. ஆகவே டயமண்ட்_எண்ணி அண்ணா "ஓர் அடி முன்பின் பரவாயில்லை" என்றதில் எனக்கு உடன்பாடு பாதிதான். மறைப்புக்குப் பரவாயில்லை. கிக்குக்கு எதிராகப் பார்த்தால் 5 குஷனை விட்டு நன்றாக வெளியே வரும் வேகத்தில் அடிக்க வேண்டும். குறைந்த வேகம்தான் இங்கே தவறு.

மேல்மட்ட ஆட்டக்காரர்கள் கிக்கைத் தற்காப்பாக மட்டும் அடிப்பதில்லை. 1995-இல் ரெனோவில் நடந்த சாண்ட்ஸ் ரீஜென்சி இறுதியில், இயர்ல் ஸ்ட்ரிக்லண்ட் மறைத்து வைத்த நிலையிலிருந்து எஃப்ரென் ரேயஸ் இரண்டு குஷன் கிக்கில் பந்தைப் பாட் செய்தே விட்டார். அது கடைசி ராக். அந்த அடியை இன்றும் எல்லோரும் பேசுகிறார்கள். எனவே மறைத்த பிறகு, எதிராளி கிக் அடித்து 5-ஐத் தொட்டால் அது எந்தப் பாக்கெட்டை நோக்கி ஓடும் என்றும் ஒரு நொடி பார்த்துவிடுங்கள்.

#8 டயமண்ட்_எண்ணி

ஏற்கிறேன். 5-இன் இலக்கு இடத்தைத் திருத்திக்கொள்வோம்: வலது குஷனில் பட்டபின் முக்கால் டயமண்டுக்குக் குறையாமல் வெளியே. ஒன்றரை வரை போனாலும் 8-இன் மறைப்புக்குள்தான் இருக்கும்.

ஜம்ப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேள்வியில் இருந்ததால். உலக பூல் சங்க விதிப்படி ஜம்ப் குச்சி 40 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. அதை வைத்துத் தாண்டுபவருக்கு வசதியான நிலை, தடுப்புப் பந்து வெள்ளையிலிருந்து ஓர் அடியோ இரண்டடியோ தள்ளி இருப்பது. தடுப்பு நெருங்க நெருங்கக் குச்சியைச் செங்குத்தாக்க வேண்டும், அப்போது வெள்ளை உயரமாக எழும்பிக் குதித்துக்கொண்டே போகும், 5-இல் எங்கே படும் என்பது கையில் இருக்காது. இங்கே 8-க்கும் வெள்ளைக்கும் நடுவே மூன்று அங்குலத்துக்கும் குறைவு. தாண்டுவார்கள். தாண்டிப் பாட் அடிப்பது அரிது. இரண்டாவது வழியை நான் ஒதுக்க இதுவும் ஒரு காரணம்: வெள்ளை 7-இலிருந்து ஓர் அடி தள்ளி நின்றால் ஜம்ப்புக்குத் தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்ததாகிவிடும்.

#9 கணக்குப்பிள்ளை

பாட் அடிப்பதை எல்லோரும் ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். எண் வைத்துப் பார்க்கலாம். கீழே இருப்பவை உதாரண எண்கள், உங்கள் தரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பாட் அடித்தால் ராக் ஜெயிக்கும் வாய்ப்பு = (பாட் விழும் வாய்ப்பு × விழுந்தபின் ஜெயிக்கும் வாய்ப்பு) + (விழாத வாய்ப்பு × அதற்குப் பிறகும் ஜெயிக்கும் வாய்ப்பு).

பாட் 55 சதவீதம், விழுந்தால் 75 சதவீதம் ஜெயம், விழாவிட்டால் 20 சதவீதம் என்று வையுங்கள். 41 + 9, மொத்தம் 50 சதவீதம்.

சேஃப்டி 75 சதவீதம் நன்றாக விழும், விழுந்தால் 65 சதவீதம் ஜெயம், சொதப்பினால் 25 சதவீதம். 49 + 6, மொத்தம் 55.

இந்த எண்களில் பாட் 64 சதவீதத்தைத் தாண்டினால்தான் சேஃப்டியை மிஞ்சும். 70 டிகிரி கட்டை நாலு டயமண்டிலிருந்து 64 சதவீதம் போடுபவர் மிகச் சிலர். ஆனால் 5 இன்னும் முக்கால் டயமண்டுக்குச் சற்று மேல் வெளியே இருந்து கோணம் 45 டிகிரியாக இருந்திருந்தால் நான் தயங்காமல் பாட்தான் அடிப்பேன். நம் ஊர்ப் போட்டிகளில் சேஃப்டிக்கு ஒரு மரியாதை வந்துவிட்டதால், அடிக்க வேண்டிய பந்தைக்கூட ஒளித்து வைக்கிறார்கள்.

#10 ஸ்டன்ஷாட்

அந்த 65-தான் எனக்கு உதைக்குது. எதிராளி கிக் நல்லா அடிப்பார்னு கேள்வியிலேயே இருக்கே. குஷன்முதல் சொன்ன மாதிரி ஒரு குஷன் கோடு திறந்திருக்கு. தொட்டுட்டு அதிர்ஷ்டத்துல நம்மளையே மறைச்சிட்டா? நான் 60-ன்னு போடுவேன்.

#11 கணக்குப்பிள்ளை

60 போட்டால் 51 வருகிறது. பாட்டும் சேஃப்டியும் கிட்டத்தட்ட சமம். அப்போது முடிவை மாற்றுவது உங்கள் சேஃப்டியின் தரம்தான்: 75 என்பது 85 ஆனால் மறுபடி ஏறக்குறைய 55-க்கு வந்துவிடும். சேஃப்டியைத் தேர்ந்தெடுப்பவர் அதைப் பாட் போலவே பயிற்சி செய்திருக்க வேண்டும் என்பதைத்தான் இந்தக் கணக்கு காட்டுகிறது. பெரும்பாலோர் செய்வதில்லை.

#12 விதிமுறை

தந்திரத்தோடு விதியும் சேர்ந்து ஓடட்டும். போட்டியில் சேஃப்டி கெடுவது பாதி நேரம் விதியால்தான்.

வெள்ளை 5-ஐத் தொட்ட பிறகு ஏதாவது ஒரு பந்து பாக்கெட்டில் விழ வேண்டும், அல்லது ஏதாவது ஒரு பந்து குஷனைத் தொட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஃபவுல், எதிராளிக்கு மேசையில் எங்கு வேண்டுமானாலும் வெள்ளையை வைக்கும் உரிமை. மென்மையாக உரசும் சேஃப்டிகளில் இதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து.

அதிலும் நுணுக்கமானது, இலக்குப் பந்து குஷனில் ஒட்டியிருக்கும் நிலை. ஒட்டிய பந்தை அதே குஷனில் அழுத்துவது குஷன் தொட்டதாகக் கணக்காகாது. அது குஷனை விட்டு வந்து மறுபடி தொட வேண்டும், வேறு குஷனுக்குப் போக வேண்டும், அல்லது வெள்ளை மோதலுக்குப் பிறகு குஷன் தொட வேண்டும். ஒட்டியிருக்கிறது என்று அடிக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். எதிராளி சேஃப்டி அடிக்கப் போகிறார் என்று தெரிந்தால் எழுந்து போய்ப் பார்த்து, ஒட்டியிருந்தால் நடுவரிடமோ அவரிடமோ சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. 

மெல்லடி தந்த நிலையில் 2 அங்குல இடைவெளி இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. 5 குட்டை குஷனைத் தொட்டவுடனே அடி செல்லும்.

தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் ராக் போகும் விதி இருக்கும் போட்டிகளில், இரண்டாவது ஃபவுலுக்குப் பிறகு எதிராளிக்கு "இரண்டில் இருக்கிறீர்கள்" என்று எச்சரிக்கை போயாக வேண்டும். போகாவிட்டால் மூன்றாவதுக்கு ராக் கிடைக்காது. எல்லாப் போட்டியிலும் இந்த விதி நடைமுறையில் இருப்பதில்லை, ஆரம்பத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

#13 குஷன்முதல்

அந்த மூன்று ஃபவுல் விதி சேஃப்டித் தேர்வையே மாற்றும். எதிராளி இரண்டில் இருக்கிறார், வெள்ளை உங்கள் கையில், ஆனால் 7-உம் 9-உம் ஒட்டிக் கிடக்கின்றன என்றால் ரன் அவுட்டுக்கு (மீதிப் பந்துகளையெல்லாம் ஒரே மூச்சில் போடுவதற்கு) ஓடாதீர்கள். கையில் வெள்ளை இருக்கும்போது அடிக்கும் சேஃப்டிதான் மேசையிலேயே வலுவானது. தடுப்புப் பந்துக்கு ஒட்டினாற்போல் வெள்ளை வந்து நிற்கிற மாதிரி நீங்களே கோணத்தை அமைத்துக்கொள்ளலாம். வெள்ளை தடுப்பில் ஒட்டிவிட்டால் அந்தப் பக்க அரைவட்டம் முழுவதும் அடைபடும், ஜம்ப்பும் இல்லை.

#14 எட்டாம்பந்து

நான் 8-பால் (ஆளுக்கு ஏழு பந்து கொண்ட ஆட்டம்) ஆடுபவன். இங்கே சொன்ன மறைப்புக் கணக்கு 8-பாலுக்கும் பொருந்துமா? எதிராளிக்கு ஆறேழு பந்து மேசையில் இருக்கும்போது எல்லாவற்றையும் எப்படி மறைப்பது?

#15 டயமண்ட்_எண்ணி

ஆரம்பத்தில் மறைக்க முடியாது தம்பி, முயலவும் வேண்டாம். 8-பாலில் எதிராளியிடம் பந்து நிறைய இருக்கும்போது பாக்கெட்டை அடைப்பதுதான் வழி. அவருடைய பந்துகள் எந்த இரண்டு பாக்கெட்டை நம்பி இருக்கின்றன என்று பாருங்கள். உங்கள் பந்து ஒன்றை அந்தப் பாக்கெட் வாயில் கொண்டுபோய் நிறுத்தினால் அவருக்கு வழி அடைபடும், உங்களுக்கோ பின்னால் எளிதான பாட். அவருடைய சிக்கல் பந்து உங்கள் பந்தோடு ஒட்டியிருந்தால் நீங்கள் முதலில் அதைப் பிரிக்காதீர்கள். அவர் பந்துகள் ஒன்றிரண்டாகக் குறைந்த பிறகுதான் 9-பால் மாதிரியான மறைப்புக்கு நேரம் வரும்.

ஒரு வசதியும் உண்டு. உலக விதிப்படி அடிக்கு முன் "சேஃப்டி" என்று அறிவித்தால், உங்கள் பந்து விழுந்தாலும் முறை எதிராளிக்குப் போகும். பாக்கெட் வாயில் தொங்கும் பந்தைப் போட்டுவிட்டு வெள்ளையை நல்ல மறைவில் விட இது உதவும். 10-பாலில் இதை முயலாதீர்கள். அங்கே சேஃப்டி சொல்லிவிட்டு உரிய பந்தைப் பாட் செய்தால், வரும் எதிராளி அந்த அடியை உங்களிடமே திருப்பித் தரலாம்.

#16 மெல்லடி

எல்லோருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை சொன்ன 75-ஐ 85 ஆக்க எப்படிப் பயிற்சி செய்வது? வெறுமனே திரும்பத் திரும்ப அடித்தால் எங்கே தவறுகிறது என்றே தெரிவதில்லை.

#17 ஸ்டன்ஷாட்

ரெண்டு பந்தையும் ஒரே நேரத்துல பாக்காதீங்க, அதான் தெரியல.

A4 தாளை ரெண்டா மடிச்சு, வெள்ளை வந்து நிக்கணும்னு சொன்ன இடத்துல வெச்சு, நாலு மூலைக்கும் சின்ன சாக் புள்ளி வெச்சிட்டுத் தாளை எடுத்துடுங்க. தாள் அங்கேயே இருந்தா பந்து அது மேல ஏறும்போது வேகம் மாறும். வெள்ளை, 5, 8 மூணு இடத்துக்கும் தாள்ல போட்ட துளை கிழியாம இருக்க ஒட்டுற வட்ட ஸ்டிக்கரை ஒட்டிடுங்க, அப்போதான் ஒவ்வொரு தடவையும் அதே நிலை வரும்.

முதல் பத்து அடியில 5 எங்க போகுதுன்னு கவலையே வேண்டாம். வெள்ளை அந்த நாலு புள்ளிக்குள்ள நின்னுதா, அவ்வளவுதான். தவறினதை மட்டும் குறிங்க: 8-ல மோதினா ஸ்டன் பத்தலை, இன்னும் கீழே அடிக்கணும். குஷனைத் தொடாம நின்னா டிரா மிச்சம். புள்ளியைத் தாண்டி இடது குஷன் பக்கம் போனா மெல்லிசா பட்டிருக்கு. 5-உம் வெள்ளையும் ரெண்டு தடவை இடிச்சா தடிமன். 

பத்துல ஏழு வந்த பிறகு 5-ஐயும் கணக்குல சேருங்க: வலது குஷன்ல இருந்து முக்கால் டயமண்டுக்கு மேல வெளியே. அதுக்கப்புறம் வெள்ளையை ஆரம்ப இடத்துலேர்ந்து ஒரு டயமண்ட் பின்னாடி தள்ளி வைங்க. டிரா அளவு மறுபடி மாறும், திரும்பக் கத்துக்கணும்.

#18 குஷன்முதல்

அதோடு இன்னொன்றையும் சேருங்கள். சேஃப்டி சரியாக விழுந்த ஒவ்வொரு முறையும் பந்துகளை எடுத்துவிடாமல், எதிராளியின் இடத்துக்குப் போய் நீங்களே அந்தக் கிக்கை அடியுங்கள். குட்டை குஷனில் ஒன்றரை டயமண்டுக்கு நேரே, சைடு இல்லாமல், வெள்ளை 5-இல் பட்டதும் இரண்டும் பிரியும் வேகத்தில். எந்த நிலையிலிருந்து உங்களால் எளிதாகத் தொட முடிகிறது, எதிலிருந்து தடுமாறுகிறீர்கள் என்று பார்த்தால் 5-ஐ எங்கே விட வேண்டும் என்பது தானாகப் பிடிபடும். 5 வலது குஷனில் 5-ஆவது டயமண்டைத் தாண்டிப் பிரேக் பக்கம் போய்விட்டால் கிக் கோடு நீளும், ஆனால் 8-இன் மறைப்பு விளிம்புக்கு 5 நெருங்கிவிடும். அந்த இரண்டுக்கும் நடுவே உங்கள் மேசையின் வேகத்துக்கு எது சரி என்பதை அங்கே நின்றுதான் முடிவு செய்ய வேண்டும்.

#19 மெல்லடி

சனிக்கிழமை மேசை கிடைக்கிறது. பழைய துணி, அழுக்குப் பந்து. ஒன்றேகால் டிப் கீழே, ஒரு மயிரிழை மெல்லிசு என்று தொடங்குகிறேன்.

#20 ஸ்டன்ஷாட்

பந்தைத் துடைச்சிட்டு ஒரு சுத்து, துடைக்காம ஒரு சுத்து அடிங்க. 5 வலது குஷன்ல படுற இடம் எவ்வளவு நகருதுன்னு சாக்ல குறிச்சு இங்க போடுங்க, இழுப்பு எவ்வளவுன்னு பாத்துடலாம்.